விதியை மீறிய சொகுசு ஃபிளாட்... கட்டியவரை ஏற்றிக்கொள்ள மறுத்த டாக்சி: யார் இந்த அந்தோனி கௌடி?

நீங்கள் ஒரு ஃபிளாட் புக் செய்துவிட்டுக் காத்திருப்பவராக இருந்தால், இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. அப்ரூவல் வாங்கிய பிளானில் ஓர் உயரம், எழும்பி நிற்பது வேறு உயரம். ஒரு தூண் நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வேலையை நிறுத்துங்கள் என்று மாநகராட்சியிலிருந்து உத்தரவு வருகிறது. கீழே பார்க்கிங்கில் கார் திரும்பவில்லை, தூண் இடிக்கிறது. செலவோ போட்ட கணக்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. கடைசியில் ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் கேட்டு ஓனர் மேல் கேஸ் போடுகிறார்.

இது நொய்டா கதையும் இல்லை, ஓ.எம்.ஆர் கதையும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால், ஸ்பெயினின் பார்சிலோனாவில், அந்த ஊரிலேயே அதிக மதிப்புள்ள சாலை ஒன்றில் எழுந்த சொகுசுக் குடியிருப்பின் கதை. அதன் பெயர் காஸா மிலா, அதாவது மிலா வீடு. ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் லா பெத்ரேரா. கல்குவாரி என்று அர்த்தம். கிண்டலுக்கு வைத்த பெயர்தான், அதுவே நிலைத்துவிட்டது. கட்டியவர் அந்தோனி கௌடி.

அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியை நீங்கள் இன்ஸ்டாகிராமில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். முகமூடியும் தலைக்கவசமும் போட்ட வீரர்கள் மாதிரி புகைபோக்கிகள் நிற்குமே, அதுதான். 1984-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கட்டி முடித்த காலத்தில் அதை ரசித்தவர்கள் குறைவு. பணம் போட்டவர்களுக்கே மனத்தாங்கல். பத்திரிகைகளில் கார்ட்டூன். கட்டியவருக்கும் ஒரு கட்டத்தில் விட்டுப்போனது. அதற்குப் பிறகு அவர் யாருக்காகவும் ஒரு வீடு கட்டவில்லை.

அப்படி என்னதான் நடந்தது?

செம்புப் பாத்திரக்காரர் மகன்

கௌடி பிறந்தது 1852 ஜூன் 25. ஸ்பெயினின் வடகிழக்கில் இருக்கும் கட்டலோனியாவில், ரெயூஸ் என்ற ஊர்ப் பக்கம். ரெயூஸிலா, அதை ஒட்டிய ரியுதோம்ஸ் கிராமத்திலா என்று இரண்டு ஊர்க்காரர்களும் இன்னும் சண்டை போடுகிறார்கள். அப்பா செம்புத் தகட்டில் அண்டா, கொதிகலன் செய்யும் கைவினைஞர். தட்டையான தகடு அப்பாவின் சுத்தியலுக்கு வளைந்து ஒரு வடிவம் ஆவதைப் பார்த்துத்தான் தனக்கு முப்பரிமாணத்தில் யோசிக்க வந்தது என்று பிற்காலத்தில் கௌடி சொல்லிவந்தார். அவருடைய கட்டடங்களைப் பார்த்தால் இதை நம்பலாம். அவை காகிதத்தில் கோடு போட்டுக் கட்டியவை மாதிரி இருக்காது, தட்டித் தட்டி வளைத்தவை மாதிரிதான் இருக்கும்.

சின்ன வயதிலிருந்தே மூட்டுவாதம். ஓடி விளையாட முடியாது. 1868-ல் பார்சிலோனா போனார், ஆர்க்கிடெக்சர் படித்தார். வகுப்பில் முதல் ஆள் எல்லாம் கிடையாது. மற்ற ஆர்க்கிடெக்ட்டுகளிடம் வரைபடம் போட்டுக்கொண்டே படித்து 1878-ல் பட்டம் வாங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 1876-ல், அம்மாவும் அண்ணனும் ஒரே ஆண்டில் இறந்தார்கள். 1879-ல் அக்கா ரோசாவும் போனார். அக்காவின் சிறு மகளையும் வயதான அப்பாவையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கௌடி தலையில் விழுந்தது.

அந்தக் கால கௌடியைத் தெருவில் பார்த்திருந்தால் நீங்கள் திரும்பிப் பார்த்திருப்பீர்கள். நல்ல கோட்டு, கையுறை, சீராக வெட்டிய தாடி. நாடகம், ஓபரா என்று போவார். கட்டுமான வேலையை வண்டியிலிருந்து இறங்காமலே மேற்பார்வை பார்த்த காலமும் உண்டு என்பார்கள். ஆரம்பத்தில் அவர் கையில் எடுத்த பெரிய வேலை எது தெரியுமா? மத்தாரோ என்ற ஊரில் நெசவுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கான ஆலையும் குடியிருப்புகளும். திட்டத்தில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுபோனது. அங்கே ஆசிரியையாக இருந்த பெப்பேத்தா என்ற பெண்ணைக் காதலித்தார், அவர் மறுத்துவிட்டார். கௌடி கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அதே 1878-ல் பாரிஸ் உலகக் கண்காட்சி. ஒரு கையுறைக் கடைக்காக கௌடி செய்து கொடுத்த கண்ணாடி அலமாரி அங்கே வைக்கப்பட்டது. அதைப் பார்த்து அசந்துபோனவர் எவுசெபி குவெல், பெரும் ஜவுளித் தொழிலதிபர். திரும்பி வந்ததும் செய்தது யார் என்று விசாரித்து ஆளைப் பிடித்தார். அதற்குப் பிறகு சுமார் 40 ஆண்டுகள், 1918-ல் குவெல் சாகும்வரை, மாளிகை, திராட்சைத் தோட்டம், பூங்கா, தொழிலாளர் குடியிருப்புக்கு ஒரு தேவாலயம் என்று வேலை வந்துகொண்டே இருந்தது. செலவைப் பற்றி முகம் சுளிக்காத ஒரு கிளையன்ட் கிடைத்துவிட்டால் ஒரு ஆர்க்கிடெக்ட்டுக்கு என்ன ஆகும் என்பதற்கு குவெல்-கௌடி உறவு நல்ல உதாரணம். கொஞ்சம் ஆபத்தான உதாரணமும்கூட. எல்லா கிளையன்ட்டும் குவெல் மாதிரி இருப்பார்கள் என்று கௌடி பழகிவிட்டாரோ என்று தோன்றுகிறது.

1883-ல், 31 வயதில், சக்ராடா ஃபமிலியா தேவாலய வேலை அவர் கைக்கு வந்தது. முதலில் பொறுப்பேற்றவர் விலகிக்கொண்டதால் வந்த வாய்ப்பு. அது அவர் காலத்தில் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. ஒரு சின்னத் தகவல் மட்டும்: 1882-ல் அடிக்கல் நாட்டிய அந்தத் தேவாலயத்துக்கு முறையான கட்டட அனுமதி கிடைத்தது 2019-ல். 137 ஆண்டுகள். நம்ம ஊர் சிங்கிள் விண்டோவைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பணக்காரத் தெருவுக்கு ஒரு முனை

காஸா மிலாவுக்கு வருவோம். பார்சிலோனா நெடுங்காலம் கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக் கிடந்த நகரம். 1854-ல் தொடங்கிச் சுவரை இடித்தார்கள். வெளியே இருந்த சமவெளியில் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு புது நகரம் வரைந்தார். ஒவ்வொரு பிளாக்கின் நான்கு முனையையும் சாய்வாகச் சீவிவிட்டார், வண்டிகள் திரும்ப வசதியாக. அதன் நடுநாயகமான சாலை பஸ்ஸேச் தெ கிராசியா. ஆலை முதலாளிகளும் காலனி நாடுகளில் சம்பாதித்துத் திரும்பியவர்களும் அங்கே வீடு கட்டினார்கள். முறை இதுதான்: கீழே கடை, அதற்கு மேலே பிரதான தளம் முழுக்க ஓனருக்கு, அதற்கும் மேலே உள்ள ஃபிளாட்டெல்லாம் வாடகைக்கு. வீட்டின் முகப்புதான் ஓனரின் விசிட்டிங் கார்டு. யாருடைய வீடு அதிகம் பேசப்படுகிறது என்று போட்டி.

அந்தத் தெருவில் கௌடி ஒரு பழைய வீட்டை அடையாளம் தெரியாமல் மாற்றிக் கொடுத்த காஸா பத்லோ 1906-ல் முடிந்தது. அந்த வேலையைப் பார்த்து மயங்கியவர் பெரே மிலா. நன்றாக உடுத்துபவர், மோட்டார் கார் பிரியர், தொழிலதிபர், அரசியல்வாதி. ஆனால் பெரிய பணம் அவருடையது இல்லை, மனைவி ரோசெர் செகிமோனுடையது. ரோசெரின் முதல் கணவர் குவார்தியோலா, குவாத்தமாலாவில் காபித் தோட்டம் வைத்துச் சம்பாதித்தவர். அவர் இறந்த பிறகு ரோசெர் மிலாவை மணந்தார். காட்டலான் மொழியில் குவார்தியோலா என்றால் உண்டியல் என்றும் அர்த்தம். மிலா கட்டிக்கொண்டது குவார்தியோலாவின் விதவையையா, விதவையின் குவார்தியோலாவையா என்று ஊரே சிரித்தது. ரோசெரும் ரெயூஸ்காரர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். கௌடியும் அவரும் ஒரே ஊர்ப் பக்கத்து மனிதர்கள், ஆனால் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

1905-ல் ஒரு முனை மனை வாங்கினார்கள், சுமார் 1,800 சதுர மீட்டர். 1906 பிப்ரவரியில் மாநகராட்சியில் பிளான் கொடுக்கப்பட்டது. கௌடிக்கு அப்போது 53 வயது.

சுவர் தாங்காத வீடு

வெளியிலிருந்து பார்த்தால் காஸா மிலா ஒரு கல் மலை. கடல் அலை கல்லாக உறைந்த மாதிரி முகப்பு, அதில் குகை மாதிரி ஜன்னல்கள். பால்கனிக் கம்பிகள் கடற்பாசி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். அவை பழைய இரும்பு, தகடு, கம்பி, சங்கிலி என்று காயலான் கடைச் சரக்கிலிருந்து உருவானவை. கௌடியின் உதவியாளர் ஜுஜோலின் கைவண்ணம் அதில் நிறைய.

அந்தக் கல்லைப் பார்த்தால் எவ்வளவு கனமான சுவர், இதுதான் கட்டடத்தையே தாங்குகிறது என்று நினைப்பீர்கள். இல்லை. சுவர் தன்னை மட்டும்தான் தாங்குகிறது. மாடிகளின் பாரம் முழுக்க உள்ளே இருக்கும் கல், செங்கல் தூண்களிலும் இரும்பு உத்தரங்களிலும் இறங்குகிறது. முகப்புக் கற்கள் இரும்பு இணைப்புகளால் அந்தச் சட்டகத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன. கல்லை முதலில் ஏற்றி வைத்துவிட்டு, அங்கேயே செதுக்கினார்கள். கௌடி கீழே தெருவில் நின்று பார்த்து இன்னும் கொஞ்சம் எடு என்பார், கல் தச்சர் மறுபடி உளியை எடுப்பார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் அபார்ட்மென்ட்டும் தூண்-உத்தரச் சட்டகத்தில் நிற்பதாகத்தான் இருக்கும். அதனால்தான் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள சுவரை இடித்துப் பெரிதாக்கலாமா என்று கேட்டால், தூணைத் தொடாதீங்க, சுவரை எடுத்துக்கலாம் என்று இன்ஜினீயரால் சொல்ல முடிகிறது. 1906-ல் ஒரு குடியிருப்பில் அது சாதாரண விஷயம் இல்லை. பாரத்தைத் தாங்கும் சுவர் இல்லாததால் காஸா மிலாவில் ஒவ்வொரு மாடியின் அறை அமைப்பும் வேறு வேறு. நேரான சுவரே அபூர்வம். குடித்தனக்காரர் மாறினால் அறையையும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு கட்டடம் பிற்காலத்தில் எதுவாகவும் மாறலாம் என்று கௌடி யோசித்து வைத்தார். பின்னால் அது எதுவாகவெல்லாம் மாறியது என்று கேட்டால் அவரே மிரண்டிருப்பார், அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிச்சம் இன்னொன்று. உங்கள் சமையலறை ஜன்னல் ஒரு இருட்டு டக்ட்டைப் பார்த்தபடி இருந்தால் இந்தப் பகுதி கொஞ்சம் வலிக்கும். காஸா மிலாவின் நடுவே இரண்டு பெரிய முற்றங்கள், ஒன்று வட்டம், ஒன்று நீள்வட்டம். மேலே திறந்த வானம். தெருப் பக்கம் ஒரு காற்று, முற்றப் பக்கம் ஒரு காற்று. அந்த முற்றத்திலிருந்து ஏறும் அலங்காரப் படிக்கட்டு ஓனரின் பிரதான தளத்தோடு நின்றுவிடும். மற்ற குடித்தனக்காரர்கள் லிஃப்டில்தான் போக வேண்டும். மேலே போகும் மற்ற படிகள் வேலைக்காரர்களுக்கானவை. லிஃப்ட் இன்னும் ஆடம்பரமாக இருந்த காலத்தில், அதையே முதன்மை வழியாக நம்பி ஒரு வீட்டை வரைந்தது துணிச்சல்தான். யார் எந்த வழியாக ஏற வேண்டும் என்பதில் அந்தக் காலத்து மேல்-கீழ் அப்படியே இருக்கிறது என்பதும் உண்மைதான். நம்ம ஊர் டவர்களில் சர்வீஸ் லிஃப்ட் யாருக்கு என்று யோசித்தால் தெரியும், அது இன்னும் எங்கேயும் போய்விடவில்லை.

அடித்தளத்தில் வண்டிகளுக்கும் கார்களுக்கும் இடம் விட்டார். பார்சிலோனாவின் ஆரம்பகால அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்குகளில் அது ஒன்று. ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருந்த ஒரு குடித்தனக்காரர் காரைத் திருப்ப முடியவில்லை என்று புகார் சொல்ல, குறுக்கே இருந்த தூண் விஷயத்தில் கௌடி மாற்றம் செய்து கொடுத்தாராம்.

கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடிக்குக் கீழே ஒரு பரண் தளம். துணி துவைக்க, காயப்போட. கூடவே மேலே அடிக்கும் வெயிலும் குளிரும் கீழே உள்ள ஃபிளாட்டுகளுக்கு இறங்காமல் தடுக்கும் காற்றுப் போர்வை. டாப் ஃப்ளோரில் குடியிருந்து மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தப் பரணைத் தாங்குபவை 270 செங்கல் வளைவுகள். அவற்றின் வடிவம் எப்படி வந்தது? கழுத்துச் சங்கிலியின் இரண்டு முனையையும் பிடித்துத் தொங்கவிடுங்கள். அது தானாக ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவில் ஒவ்வொரு கண்ணியும் இழுபடுகிறது, வேறு எந்த விசையும் இல்லை. அதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் இழுவிசை எல்லாம் அழுத்தமாக மாறும். செங்கல்லுக்கு இழுத்தால் பிடிக்காது, அழுத்தினால் தாங்கும். எனவே மெல்லிய செங்கல்லே போதும். குவெல் காலனித் தேவாலயத்துக்காகக் கயிறும் ஈயக்குண்டுப் பைகளும் கட்டித் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் கௌடி செய்துபார்த்த சோதனை இது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் புவியீர்ப்பையே கணக்குப்போட வைத்துவிட்டார்.

கீழே கட்டடத்தின் அகலம் இடத்துக்கு இடம் மாறுவதால் வளைவுகளின் உயரமும் மாறுகிறது. அதனால்தான் அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் மொட்டைமாடி மேடும் பள்ளமுமாக, படி ஏறி இறங்கி நடக்கும்படி இருக்கிறது. ஏதோ கலை ஆசைக்கு வளைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அடியில் இருக்கும் கணக்கு அது. படிக்கூண்டுகளின் மேல் உடைந்த ஓடு, பளிங்குத் துண்டுகளைப் பதித்தார்கள். ஒரு புகைபோக்கியில் உடைந்த பாட்டில் கண்ணாடி. வெயில் தெறிக்க நம் மொட்டைமாடிகளில் வெள்ளை டைல்ஸ் துண்டு பதிப்பார்களே, பார்ப்பதற்கு அதன் தூரத்துச் சொந்தம்.

நோட்டீஸ் வந்தது

1907 டிசம்பரில் மாநகராட்சி வேலையை நிறுத்தச் சொன்னது. முகப்புத் தூண் ஒன்று நடைபாதைக்குள் நீண்டிருந்தது. தூணைச் சீவச் சொன்னால் சீவிவிடுகிறேன், ஆனால் சீவிய இடத்தில் இது நகரசபை உத்தரவால் வெட்டப்பட்டது என்று கல்வெட்டு வைப்பேன் என்று கௌடி சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. தூண் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அது முதல் ரவுண்டுதான். கட்டடம் உயர உயர, அனுமதித்த கனஅளவைவிட 4,000 கனமீட்டர் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். நம்ம பாஷையில் சொன்னால் எஃப்.எஸ்.ஐ மீறல். பரணையும் மொட்டைமாடியையும் இடி, இல்லையென்றால் 1 லட்சம் பெசெட்டா அபராதம் கட்டு. கட்டடச் செலவில் சுமார் கால் பங்கு அது. கடைசியில் 1909 டிசம்பரில் புது நகரப் பகுதிக்கான ஆணையம் ஒரு வழி சொன்னது: இந்தக் கட்டடம் நினைவுச்சின்னத் தகுதி உள்ளது, விதிகளை அட்சரம் பிசகாமல் பின்பற்ற வேண்டியதில்லை. பரண் தப்பியது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கொச்சி மரடில் கடலோர விதியை மீறிய குடியிருப்புகள் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நொய்டாவின் இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28-ல் சில நொடிகளில் புழுதியாயின. அந்த இரண்டு முடிவுகளும் சரி என்று நினைக்கும் நான், காஸா மிலாவின் பரண் தப்பியதற்குச் சந்தோஷப்படுகிறேன். இந்த முரணுக்கு என்னிடம் நேர்த்தியான விளக்கம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அங்கே கூடுதலாகக் கட்டியது விற்பதற்கான மாடி இல்லை, துணி காயப்போடும் இடம். ஆனால் விதியை வைத்துப் பார்த்தால் மீறல் மீறல்தான்.

இதற்கிடையே ஒரு சிலை விவகாரம். கௌடி வயது ஏற ஏறத் தீவிர கத்தோலிக்கர் ஆகிவிட்டவர். 1894-ல் தவக்கால உபவாசம் இருந்து சாகக் கிடந்தார். காஸா மிலாவை அவர் மனதுக்குள் மரியன்னைக்கான பீடமாகவே கட்டிக்கொண்டிருந்தார். முகப்பின் விளிம்பில் மரியன்னைக்கான ஜெப வார்த்தைகள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியில் ஒரு பெரிய சிலை வைப்பது திட்டம். 1909 ஜூலையில் மொராக்கோ போருக்கு ஆள் எடுப்பதை எதிர்த்து பார்சிலோனாவில் கலவரம் வெடித்தது. தேவாலயங்களையும் மடங்களையும் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். மிலா பயந்துபோனார். வாடகைக்கு ஃபிளாட் விடும் கட்டடத்தின் தலையில் ஒரு மதச் சின்னத்தை நிறுத்த எந்த ஓனர்தான் துணிவார்? சிலை வேண்டாம் என்றார். கௌடி வேலையையே விட்டுவிடப் பார்த்தார், ஒரு பாதிரியார் சமாதானம் செய்துவைத்தார் என்கிறார்கள்.

வீடு யாருடையது என்ற கேள்வி இங்கேதான் முழுசாக முளைக்கிறது. மிலா தம்பதிக்கு அது வாடகை வரும் சொத்து, தெருவில் தலைநிமிர ஒரு முகவரி. கௌடிக்கு அது பிரார்த்தனை. இரண்டு பேரும் ஒரே கல்லுக்குக் காசும் உழைப்பும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1911-ல் மிலா தம்பதி பிரதான தளத்தில் குடியேறினார்கள். 1,323 சதுர மீட்டர், நம் கணக்கில் 14,000 சதுர அடிக்கு மேல், ஒரே வீடு. 1912 அக்டோபரில் வேலை முடிந்ததாக கௌடி சான்று கொடுத்தார். அதே காலத்தில் ஃபீஸ் தகராறு முற்றி நீதிமன்றம் போயிருந்தது. 1916-ல் தீர்ப்பு கௌடி பக்கம்: 1,05,000 பெசெட்டா. கொடுப்பதற்காக மிலா வீட்டையே அடமானம் வைக்க வேண்டியதாயிற்று. இத்தனை போராடி வாங்கிய பணத்தை கௌடி தனக்கென வைத்துக்கொள்ளவில்லை, தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். பிடிவாதமா, தியாகமா? இரண்டும் சேர்ந்த ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டிராம் வந்த மாலை

அந்த ஆண்டுகளில் அவருடைய வீடும் காலியாகிக்கொண்டே வந்தது. 1906-ல் அப்பாவோடும் அக்கா மகளோடும் குவெல் பூங்காவுக்குள் ஒரு வீட்டுக்குக் குடிபோனார். அந்தப் பூங்காவே 60 மனைகளாகப் போட்டு விற்க நினைத்த பணக்காரக் குடியிருப்புத் திட்டம்தான், விற்பனை ஆகவில்லை. விலைபோகாத லேஅவுட்டில், விலைபோகாத மாடல் ஹவுஸில், அதன் ஆர்க்கிடெக்ட்டே குடியேறினார். அதே ஆண்டு அப்பா இறந்தார். 1912-ல் அக்கா மகளும் இறந்தார். கௌடி தனியாளானார். அதன் பிறகு சக்ராடா ஃபமிலியா தவிர வேறு வேலையைத் தொடவில்லை. பழைய கோட்டு, தேய்ந்த காலணி. தேவாலயத்துக்காக வீடு வீடாக நன்கொடை கேட்டார். 1925 இறுதியில் தேவாலயத்தின் பட்டறைக்கே படுக்கையை மாற்றிக்கொண்டார்.

1926 ஜூன் 7. வழக்கம்போல மாலையில் பட்டறையிலிருந்து கிளம்பி, சான் ஃபெலிப் நேரி தேவாலயத்துக்கு நடந்துகொண்டிருந்தார். கிரான் வியா சாலையில் டிராம் மோதியது. பையில் அடையாளச் சீட்டு எதுவும் இல்லை. உடையைப் பார்த்தவர்கள் யாரோ பிச்சைக்காரர் என்று நினைத்தார்கள். டாக்சிகள் ஏற்றிக்கொள்ள மறுத்தன. கடைசியில் ஏழைகளுக்கான சாந்தா க்ரேயு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சக்ராடா ஃபமிலியாவின் பாதிரியார் மறுநாள் தேடிவந்து அடையாளம் காட்டிய பிறகுதான் படுத்திருப்பது யார் என்று தெரிந்தது. ஜூன் 10-ம் தேதி இறந்தார். வயது 73. ஏற்றிக்கொள்ள ஒரு வண்டி கிடைக்காத அதே ஊரில் இறுதி ஊர்வலத்துக்குத் தெருக்கள் கொள்ளவில்லை. சக்ராடா ஃபமிலியாவின் நிலவறையில் அடக்கம் செய்தார்கள்.

அப்புறம் அந்த வீடு?

கௌடி போன பிறகு ரோசெர் செகிமோன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பிரதான தளத்தின் உள் அலங்காரத்தை மாற்றியது. கௌடி வரைந்த மரச்சாமான்களைக் கழித்துக்கட்டினார். வளைந்த தூண்களையும் கூரையையும் மூடி, பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி காலத்து பாணியில் நேர்க்கோடும் தங்கப்பூச்சுமாக ஒரு வீட்டை உள்ளே கட்டிக்கொண்டார். கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். நேரான சுவரே இல்லாத அறையில் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூட முடியாது. 15 ஆண்டுகள் அதில் வாழ்ந்தவர் அவர், நாம் டிக்கெட் வாங்கி ஒரு மணி நேரம் பார்ப்பவர்கள்.

உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகள் கட்டடத்தைப் பிடித்து அலுவலகம் வைத்தார்கள். மிலா 1940-ல் இறந்தார். 1946-ல் ரோசெர் கட்டடத்தை ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு விற்றார், தன் தளத்தில் மட்டும் தொடர்ந்து குடியிருந்தார். புது ஓனர்கள் வருமானம் பார்த்தார்கள். 1950-களில் துணி காயப்போட்ட பரணை, 270 வளைவுகளுக்கு நடுவே தடுத்து, 13 சின்ன ஃபிளாட்டுகளாக வாடகைக்கு விட்டார்கள். தரைத்தளம் ஒரு காலத்தில் பிங்கோ சூதாட்டக் கூடம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றும் குடிவந்தது. முகப்புக் கல் புகையில் கறுத்தது. தூண்கள் மட்டுமே பாரம் தாங்கும் கட்டடம் என்பதால் யார் வேண்டுமானாலும் எந்தச் சுவரையும் எழுப்பவும் இடிக்கவும் முடிந்தது. கௌடி கொடுத்த சுதந்திரம்தான்!

1986 டிசம்பரில் ஒரு சேமிப்பு வங்கி 90 கோடி பெசெட்டாவுக்கு அதை வாங்கியது. கல்லைக் கழுவினார்கள், பரணிலிருந்த 13 வீடுகளையும் எடுத்தார்கள், வளைவுகள் திரும்ப வெளியே வந்தன. இப்போது ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கிறது.

ரோசெர் 1964-ல் இறக்கும்வரை அந்தத் தளத்தை விட்டுப் போகவில்லை. அவருடைய தங்கப்பூச்சு அலங்காரத்தைப் பிரித்தபோது, மறைந்திருந்த வேலைப்பாடுகள் சில அப்படியே இருந்தன. அவர் எல்லாவற்றையும் இடித்துவிடவில்லை. மேலே பூசி மூடியிருந்தார், அவ்வளவுதான்.